முப்பத்தைந்து சென்டிமீட்டர் நிழல்

“எனக்கு இயற்பியல் வராது மிஸ்,” என்றாள் ஜெசிந்தா. “விட்டுருதேன்.”

காலாண்டுத் தேர்வுத் தாள் மேசை மேல் கிடந்தது. எழுபதுக்குப் பத்தொன்பது.

டெல்பின் மிஸ் தாளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“படிச்சியா?”

“உக்காருதேன் மிஸ். புத்தகத்தை விரிக்கேன். மனசு நிக்க மாட்டேங்குது.”

“நிக்காம எங்க போகுது?”

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மஸ்கட்டுக்கு.”

“எவ்வளவு தூரம்?”

“ரொம்ப தூரம் மிஸ்.”

“ரொம்பங்கிறது அலகு இல்ல,” என்றார் மிஸ்.

*

தூத்துக்குடியில் டெல்பின் மிஸ்ஸிடம் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் படிக்கும். மாடி அறையில் இரண்டே நாற்காலிகள். மூன்றாவது நாற்காலி வாங்கச் சொல்லிப் பலர் கேட்டுப் பார்த்தார்கள். அவர் வாங்கவில்லை.

நாற்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். அளந்து தெரிந்துகொள்ளக்கூடிய எதற்கும் அவர் வாயால் பதில் சொன்னதில்லை.

பனிக்கட்டி உருகினால் டம்ளர் வழியுமா என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டானாம். டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, ஒரு பனிக்கட்டியை மிதக்கவிட்டு, அவன் முன்னால் வைத்துவிட்டு மிஸ் துணி காயப்போடப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவன் இமைக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வழியல மிஸ்.”

“ஏன்?”

அவன் மறுநாள்தான் காரணத்தோடு வந்தான்.

*

ஜெசிந்தா பன்னிரண்டாம் வகுப்பு. பதினொரு வயதில் அப்பா இறந்தார். இரண்டு வருடம் கழித்து அம்மா பிரகாசி வீட்டுவேலைக்கு மஸ்கட் போனாள். அன்றிலிருந்து ஜெசிந்தா சித்தி வீட்டில்.

நான்கு வருடத்தில் அம்மா வந்தது ஒரே ஒரு தடவை. பத்தொன்பது நாள் இருந்தாள்.

ஒவ்வொரு ஆகஸ்டும் மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிறேன் என்பாள். இந்த ஆகஸ்டும் சொன்னாள். ஜெசிந்தா படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். அம்மாவுக்கென்று ஒரு தலையணை உறை வாங்கி வைத்தாள். தேர் வந்தது, போனது. தெருவில் காகிதப்பூக்களைக் கூட்டி அள்ளினார்கள்.

“மேடம் விடலம்மா,” என்று தொலைபேசியில் பிரகாசி சொன்னாள்.

அன்றோடு ஜெசிந்தா அவளிடம் பேசுவதை நிறுத்தினாள். சித்தி போனை நீட்டினால், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். பேச்சு முடியும் வரை வாளி நிறைந்து வழியும்.

ஏழு வாரம் ஆகியிருந்தது.

*

“எவ்வளவு தூரம்னு கண்டுபிடி,” என்றார் மிஸ்.

ஜெசிந்தா போனை எடுத்துத் தட்டினாள்.

“ரெண்டாயிரத்து அறுநூத்தி அறுபது கிலோமீட்டர்.”

“அது போனுக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?”

“இப்பத்தான மிஸ் சொன்னேன்?”

“வாசிச்ச. கண்டுபிடிக்கல.”

மிஸ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார்.

“இதை வச்சு.”

ஜெசிந்தா ஸ்கேலைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் சிரிக்கவில்லை.

“நாளைக்கு செப்டம்பர் இருபத்தி மூணு. சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேல இருக்கும். காலாண்டு லீவுதான, பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடிக்கு வா.”

*

மொட்டைமாடித் தரை சுட்டது. ஸ்கேலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக்கொடுத்தார்கள். நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு, நிமிர்ந்து நிற்கிறதா என்று மிஸ் சரிபார்த்தார்.

“நிழல் குறைஞ்சுக்கிட்டே வரும். ஒரு இடத்துல நின்னுட்டு மறுபடி நீளும். அந்த நின்ன இடத்தைக் குறிச்சுக்கோ.”

ஜெசிந்தா சாக்பீஸோடு குந்தி உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணி பத்து நிமிடம் வரை நிழல் சுருங்கியது. பிறகு சுருங்கவில்லை.

“நாப்பத்தாறு மில்லிமீட்டர்.”

“கோணம்?”

கணக்குப் போட்டாள். “எட்டு புள்ளி ஏழு டிகிரி.”

“சூரியன் தலைக்கு நேரா இல்லாம அவ்வளவு தள்ளி நிக்கு. ஏன்னா நீ பூமத்திய ரேகையிலேருந்து அவ்வளவு தள்ளி இருக்க. இன்னிக்கு ஒரு நாள் நிழலே உன் விலாசம்.”

ஜெசிந்தாவுக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் சுவாரசியம் வந்தது.

“சரி மிஸ். அப்புறம்?”

“அப்புறம் என்ன. உன் நிழல் கெடச்சாச்சு. அவங்க நிழல் வேணும். ரெண்டு கோணத்தையும் கழிச்சா, வடக்க எவ்வளவு தூரம்னு முதல்ல வந்துரும்.”

ஜெசிந்தா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“நான் அவங்ககிட்ட பேசுறதில்ல மிஸ்.”

“அப்ப தூரம் தெரியாது.”

மிஸ் படியிறங்கிப் போய்விட்டார்.

ஜெசிந்தா வெயிலில் அப்படியே நின்றாள். செய்தி அனுப்புவது பேச்சில் சேராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள்.

'ஒரு முப்பது செமீ ஸ்கேலை வெயிலில் நேராக நிறுத்தவும். சரியாகப் பகல் 12 மணிக்கு நிழலின் நீளத்தை அளந்து அனுப்பவும். இன்றே வேண்டும். பாடத்துக்கு.'

அம்மா என்ற சொல் அதில் இல்லை.

*

பிரகாசியின் செய்திகள் எப்போதும் வேலையெல்லாம் ஒழிந்த பிறகுதான் வரும். ஜெசிந்தா எழும்போது அவை காத்திருக்கும்.

மறுநாள் காலையில் இரண்டு வரி இருந்தது.

'அளந்தேன். 35.3. அந்த வீட்டுப் பாப்பாவோட ஸ்கேல்.'

ஜெசிந்தா முகம் கழுவாமல் கணக்குப் போட்டாள். ஒரு தடவை போட்டாள், இன்னொரு தடவை போட்டாள். சாயங்கால நாலரை மணிப் பாடத்துக்குக் காத்திராமல் காலையிலேயே மிஸ் வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

“நாப்பத்தொம்பதரை டிகிரி வருது மிஸ்.”

“சரி.”

“என்ன சரி? அட்லஸைப் பாருங்க. மஸ்கட்டுலேருந்து நேரா வடக்க போனா நாப்பத்தொம்பதரை எங்க வருது தெரியுமா? கஜகஸ்தான். அம்மா கஜகஸ்தான்ல பாத்திரம் கழுவுதாங்களா?”

மிஸ் அட்லஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மஸ்கட்டுன்னா பதிமூணு சென்டிமீட்டர்தான் வரணும். நான் போட்டுப் பாத்துட்டேன். நாலு வருஷத்துல ஒரே ஒரு காரியம் கேட்டேன். அதைக்கூட ஒழுங்காச் செய்யல. கண்ணை மூடிக்கிட்டு ஏதோ ஒரு நம்பரைப் போட்டு அனுப்பிட்டாங்க.”

“ஒரே ஒரு அளவை வச்சு யாரையும் திட்டாதே,” என்றார் மிஸ்.

“பின்ன?”

“அஞ்சு நாள் கேளு. நீயும் அஞ்சு நாள் அள.”

ஜெசிந்தா அங்கேயே உட்கார்ந்து செய்தி அனுப்பினாள். 'மொத்தம் 5 நாள் வேண்டும். 12 மணிக்குத்தானே அளந்தீர்கள்?'

மறுநாள் காலையில் ஒரு எண் வந்திருந்தது. கேள்விக்குப் பதிலாக ஒற்றை எழுத்து.

'ம்.'

*

அந்த வாரம் அவர்கள் மின்னோட்டவியல் படித்தார்கள். நிழலைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு நாள் மட்டும் ஜெசிந்தா நடுவில் கேட்டாள்.

“உங்களுக்கு யாராவது தூரத்துல இருக்காங்களா மிஸ்?”

“சூரியன். பதினஞ்சு கோடி கிலோமீட்டர்.”

“ஆள் கேட்டேன் மிஸ்.”

மிஸ் கொஞ்ச நேரம் நோட்டில் இருந்த சுற்றுப்படத்தைப் பார்த்தார்.

“இருந்தாங்க,” என்றார். “எட்டாவது கணக்கைப் போடு.”

*

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஜெசிந்தா இரண்டு பத்திகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்.

இடது பக்கம் அவளுடையது. மில்லிமீட்டரில்: நாற்பத்தாறு, நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தைந்து.

வலது பக்கம் அம்மாவுடையது. சென்டிமீட்டரில்: முப்பத்தைந்து புள்ளி மூன்று, முப்பத்தைந்து புள்ளி ஐந்து, முப்பத்தைந்து புள்ளி ஒன்பது, முப்பத்தாறு, முப்பத்தாறு புள்ளி ஐந்து.

“அஞ்சுமே தப்பு,” என்றாள். “நான் சொன்னேன்ல?”

மிஸ் தாளைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை இடது பத்தியில் வைத்தார்.

“மூணாம் நாள் சூரியன் லீவா?”

ஜெசிந்தாவின் காது சிவந்தது.

“என்ன மிஸ்?”

“சூரியன் தினமும் கொஞ்சம் தெக்க போய்க்கிட்டு இருக்கு. நிழல் தினமும் ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் கூடணும். முதல் நாள் கூடியிருக்கு. கடைசியிலயும் கூடியிருக்கு. வியாழக்கிழமை மட்டும் அசையாம நிக்கு.”

ஜெசிந்தா தரையைப் பார்த்தாள்.

“அன்னிக்கு வெயில் ரொம்ப... மாடிக்குப் போகல மிஸ். புதன்கிழமை அளவையே எழுதிட்டேன்.”

மிஸ் விரலை வலது பத்திக்கு நகர்த்தினார்.

“இதைப் பாரு.”

“அதான் தப்புன்னு...”

“பாரு.”

ஜெசிந்தா பார்த்தாள். முப்பத்தைந்து புள்ளி மூன்று. புள்ளி ஐந்து. புள்ளி ஒன்பது. முப்பத்தாறு. முப்பத்தாறு புள்ளி ஐந்து.

“கூடுது,” என்றாள்.

“எவ்வளவு?”

“கொஞ்சம் கொஞ்சமா. சராசரியா நாளுக்கு மூணு மில்லிமீட்டர்.” நிறுத்தினாள். “சூரியன் தெக்க போறது இதுல தெரியுது மிஸ்.”

“கண்ணை மூடிக்கிட்டு நம்பர் போட்டா அது தெரியுமா?”

ஜெசிந்தா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளுடைய ஐந்து அளவில் ஒன்று பொய். அம்மாவின் ஐந்தில் ஒன்றுகூடப் பொய் இல்லை. முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை நிறுத்திவிட்டு, முப்பத்தைந்து சென்டிமீட்டர் நிழலை எதைக் கொண்டு அளந்திருப்பாள் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. நூலை நீட்டிப் பிடித்திருப்பாளோ. தரையில் கோடு போட்டு, ஸ்கேலை எடுத்து இரண்டு தடவை வைத்திருப்பாளோ.

“அப்புறம் ஏன் மிஸ் கஜகஸ்தான்?”

“அளவு சரி. விடை தப்பு. நடுவுல ஏதோ ஒண்ணு நாம நெனச்ச மாதிரி இல்ல. அது என்னன்னு பாரு.”

“அவங்ககிட்டயே கேட்டுரவா?”

“ஏற்கனவே கேட்டியே. என்ன சொன்னாங்க?”

“ம்-னு சொன்னாங்க.”

“பன்னிரண்டு மணிக்கு முன்னால மொட்டைமாடிக்கு வா,” என்றார் மிஸ்.

*

பதினொன்றரை மணிக்கு மொட்டைமாடியில் ஒரு பலகை கிடந்தது. மாவு பிசையும் மேசையின் மேற்பலகை. நான்கு பக்கமும் வெள்ளை பூத்திருந்தது.

மிஸ் பலகையின் தெற்கு விளிம்புக்குக் கீழே செங்கல்களை அடுக்கினார். வடக்குப் பக்கம் தாழ்ந்தது. பாகைமானியை வைத்துப் பார்த்து, ஒரு செங்கல்லை உருவி, ஒரு ஓட்டுத் துண்டைச் செருகினார். மறுபடி பார்த்தார்.

“பதினஞ்சு டிகிரி.”

பிறகு சாய்ந்த பலகையின் மேல், பலகைக்குச் செங்குத்தாக ஸ்கேலை நிறுத்தி ஒட்டினார்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“இது மஸ்கட்.”

ஜெசிந்தா பலகையைச் சுற்றி வந்தாள்.

“புரியல மிஸ்.”

“பூமி உருண்டை. உன் தரையும் அவங்க தரையும் ஒரே தரை இல்ல. ரெண்டுக்கும் பதினஞ்சு டிகிரி சாய்வு. நம்ம தரையை அவ்வளவு சாய்ச்சா அது அவங்க முற்றம்.”

“அப்ப அம்மா சாய்ஞ்சா நிக்காங்க?”

“அங்கேயிருந்து பாத்தா நீதான் சாய்ஞ்சு நிக்கே.”

ஜெசிந்தா ஸ்கேலின் நிழலைப் பார்த்தாள். மணி பன்னிரண்டைத் தாண்டிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. பலகையில் நிழல் பதினான்கு சென்டிமீட்டரில் நின்றது.

“இதுதான் அவங்க பன்னிரண்டு மணி நிழல்,” என்றார் மிஸ். “அவங்க இன்னிக்கு அளந்தா எவ்வளவு வரும்?”

“முப்பத்தாறரை... இல்ல, இன்னும் கொஞ்சம் கூட.”

“அது வர்ற வரைக்கும் உக்காரு.”

“எப்ப வரும் மிஸ்?”

மிஸ் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரு பழைய குடையையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

*

ஒரு மணிக்கு நிழல் பதினேழு சென்டிமீட்டர்.

குடைக்குள்ளும் வெயில் வந்தது. உப்புக்காற்று உதட்டில் ஒட்டியது. எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வையை உதறிக் காயப்போட்டார்கள். கீழ்வீட்டில் கறிக்குழம்பு தாளிக்கிற வாசனை வந்தது, சாப்பிடக் கூப்பிடுகிற குரல்கள் வந்தன, பிறகு அவையும் அடங்கின.

ஜெசிந்தா பலகையைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

இது அம்மாவின் முற்றம் என்றால், இந்த நேரத்தில் அம்மா அதில் இல்லை.

எங்கே இருப்பாள்? அவள் இதுவரை அதை நினைத்துப் பார்த்ததில்லை. மஸ்கட் என்றால் உயரமான வெள்ளைக் கட்டடங்கள், கார்கள், அம்மா அனுப்பிய பேரீச்சம்பழ டப்பா. அதற்குள் மதியம் ஒரு மணிக்கு அம்மா எந்த இடத்தில் நின்றுகொண்டிருப்பாள் என்று அவள் கேட்டதே இல்லை. அடுப்பின் முன்னால் இருக்கலாம். இப்போது சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு மணிக்கு இருபத்து மூன்றரை.

எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இப்போது பாத்திரம்.

நிழல் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு கோடு போட்டாள். கோடுகளுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. குடையை மடக்கி வைத்துவிட்டாள். ஏன் மடக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

இருபத்தெட்டு. முப்பது. முப்பத்து மூன்று.

நிழல் முப்பத்தாறரையைத் தாண்டி ஒரு கீற்றுப் போனதும் அவள் எழுந்து படிக்கட்டின் மேலிருந்து கத்தினாள்.

“மிஸ்! வந்துருச்சு!”

மிஸ் மேலே வந்தார்.

“மணி?”

“மூணு அடிச்சு எட்டு நிமிஷம்.”

“இன்னிக்கு இங்க நடுப்பகல் எத்தனை மணிக்கு?”

“பன்னிரண்டு எட்டுக்கு.”

“அப்ப?”

“நடுப்பகல் ஆகி சரியா மூணு மணி நேரம்.” அவள் குரல் மெதுவாகியது. “அங்கயும் நடுப்பகல் ஆகி மூணு மணி நேரம். அங்க நடுப்பகல் அவங்க கடிகாரத்துல பன்னிரண்டுக்கே வந்துரும், நான் பாத்து வச்சிருக்கேன். அம்மா பன்னிரண்டு மணிக்கு அளக்கல மிஸ். மூணு மணிக்கு அளந்துருக்காங்க.”

“ஒரு நாளா?”

“அஞ்சு நாளும்.”

“முன்னே பின்னே?”

ஜெசிந்தா பலகையின் கடைசி இரண்டு கோடுகளைப் பார்த்தாள். மூன்று மணி வாக்கில் நிழல் ஒரு நிமிடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஓடுகிறது. அம்மாவின் ஐந்து எண்களை நினைத்துப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே இல்ல மிஸ்.”

“ம்.”

“ஏன் மிஸ் மூணு மணி?”

“அது எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மிஸ். “நான் நிழலைத்தான் பாக்கேன். நிக்கிற ஆளை நீ பாரு.”

*

அன்று சித்தி வீட்டில் ஜெசிந்தா சரியாகச் சாப்பிடவில்லை.

“வெயில்ல காஞ்சுட்டு வந்து சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்துருக்கா பாரு,” என்றாள் சித்தி. “என்னட்டி ஆச்சு?”

“சித்தி, அம்மா மதியம் மூணு மணிக்கு என்ன செய்வாங்க?”

சித்தி கரண்டியை வைத்தாள். ஏழு வாரத்தில் இவள் வாயிலிருந்து அம்மா என்ற சொல் வருவது இதுதான் முதல் தடவை.

“தெரியலியே. நான் கேட்டதில்ல.”

“எப்பவும் ராத்திரிதான கூப்பிடுவாங்க? மூணு மணிக்குக் கூப்பிட்டதே இல்லையா?”

“இல்ல. ஏன்?”

ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டு வந்து செய்தி அனுப்பினாள்.

'நாளை உங்கள் மூன்று மணிக்கு நான் கூப்பிடுவேன். போன் கையில் இருக்கட்டும் அம்மா.'

காலையில் பதில் வந்திருந்தது. வெறும் கேள்விக்குறி. அதற்குக் கீழே, சற்று நேரம் கழித்து அனுப்பியது:

'சரிம்மா.'

*

திங்கட்கிழமை நாலரை மணி. ஜெசிந்தா வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை எடுக்கவில்லை. போனை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

“பாடம்?” என்றார் மிஸ்.

“அங்க இப்ப மூணு மணி மிஸ்.”

மிஸ் அவளைப் பார்த்தார். எழுந்தார். மாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

ஜெசிந்தா எண்ணைத் தட்டினாள். மணி முழுதாக ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

“ஜெசி?”

தாழ்ந்த குரல். அதற்குப் பின்னால் காற்றின் சத்தம். யாரோ ஒரு தகர மூடியை மெதுவாக வைக்கிற சத்தம்.

ஜெசிந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரகாசிதான் முதலில் பேசினாள்.

“மூணு மணின்னு உனக்கு யாரு சொன்னா?”

“நீதான்.”

“நான் சொல்லலியே.”

“சொன்னம்மா. அஞ்சு நாளும் சொன்ன.”

பிரகாசிக்கு அது புரியவில்லை. அவள் பயந்துபோனவள் மாதிரி வேகமாகப் பேசினாள்.

“மேடம் மூணு மணிக்குத்தாம்மா பின்கதவைத் திறப்பாங்க. அலாரம் வச்சுத் திறப்பாங்க. குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு, வாசலைக் கழுவிவிட்டு, மூணேகாலுக்கு உள்ள வந்துரணும். மத்த நேரம் உள்ளதான் இருக்கணும். ஏசி போட்டிருக்கும், ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கும், வெயில் அடிக்கா மழை பெய்யுதான்னு தெரியாது.”

“இதை ஏம்மா சொல்லல?”

“எதை?”

“பன்னிரண்டு மணிக்கு முடியாதுன்னு.”

காற்று அடித்தது. பிரகாசி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றுவது கேட்டது.

“ஏழு வாரம் கழிச்சு நீ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். முடியாதுன்னு சொன்னா, சரி வேண்டாம்னு விட்டுருவ. அதோட பேச்சு நின்னுரும்னு நெனச்சேன். அதான் ம்-னு போட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “வெயில்தானே, எப்ப அளந்தா என்னன்னு நெனச்சுட்டேன். ஆனா கவனமாத்தாம்மா அளந்தேன். குப்பைத் தொட்டி பக்கத்துல தரை மேடுபள்ளமா இருக்கும். ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துப் போட்டு, அது மேல ஸ்கேலை வச்சு, நூல் பிடிச்சு...”

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திறந்த கதவுக்கு அப்பால் மிஸ் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“ஜெசி?”

“ம்.”

“உன் பாடத்தைக் கெடுத்துட்டேனா? அளவு எல்லாம் தப்பாப் போச்சா?”

“இல்லம்மா,” என்றாள் ஜெசிந்தா. “அஞ்சும் சரியா இருந்துச்சு. நான் கேட்ட நேரம்தான் தப்பு.”